நூற்றிருபத்துநான்கு பாகையில் ஒரு வெற்றிலைப் பெட்டி

சனிக்கிழமை, காலை ஏழு பத்து. பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையின் வாசலில், இரட்டை வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது என் தங்கையின் கணவர் சேகரின் கார். பின்னால் ஒரு சாமான் வண்டிக்காரன் ஹோனில் கையை வைத்தபடி பிரெஞ்சில் எங்கள் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தான். வெளியே மைனஸ் மூன்று பாகை. நான் ஒரு வெற்றிலைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பெட்டிக்குள் இப்போது வெற்றிலை இல்லை. மருமகள் மதுராவுக்கு முறுக்கு, மிக்சர், ஒரு கிலோ மிளகாய்த்தூள்.

போகிற இடம் ஜூரா மலை. மூத் என்று ஓர் ஊர், பாரிஸிலிருந்து ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோமீட்டர். பிரான்ஸிலேயே குளிர் கூடிய ஊர் என்று பெயர் எடுத்தது; குட்டி சைபீரியா என்கிறார்கள். சேகரின் மகள் மதுரா அதற்கு அருகே ஒரு பாற்கட்டிப் பட்டறையில் மூன்று மாதம் ஸ்தாஜ் என்ற தொழிற்பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்புகிறாள். ரயிலில் வரலாம். ஆனால் சேகர், "என்ர பிள்ளையை என்ர காரிலைதான் ஏத்திக்கொண்டு வருவன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதான சின்னக் கார். ஆனால் உள்ளே இருப்பது பழைய எஞ்சின் அல்ல. உணவகத்தில் சமையல்காரராக இருக்கும் சேகர், திரான்சியில் ஒரு கறாஜை வாடகைக்கு எடுத்து, இரண்டு குளிர்காலம் அதைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். பெரிய டேர்போ, புதிய பிஸ்டன், முன் பம்பருக்குள் எண்ணெயைக் குளிர வைக்க ஒயில் கூலர் என்ற சிறிய ரேடியேட்டர். எல்லாவற்றுக்கும் பத்திரம் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். என் கலியாணப் பத்திரம் எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு கார் இரண்டு முறை வழியில் நின்றது. இரண்டாவது முறை பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிபெரிக் நெடுஞ்சாலையில், வெள்ளிக்கிழமை பின்னேரம், பட்டுச்சேலையோடு என் தங்கை வசந்தி பாதுகாப்புக் கம்பிக்கு அப்பால் நின்று வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் தீர்ப்பு எழுதினாள்: இன்னொரு முறை வழியில் நின்றால் கார் விற்கப்படும். புறப்படுவதற்கு முதல்நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, அவர் சொல்லுறதை நான் நம்பமாட்டன். நீங்கள் கூடப் போய்ப் பாத்து வந்து உள்ளதைச் சொல்லுங்கோ. காருக்காகக் கதைக்கக் கூடாது, எனக்காகவும் கதைக்கக் கூடாது."

ஆக, நான் பயணி இல்லை, சாட்சி. வயது ஐம்பத்துநான்கு. லிஃப்ட் இரண்டு நொடி தாமதித்தால் தீயணைப்புப் படையின் இலக்கத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் ஆள். இதைவிடப் பொருத்தமான சாட்சியை அவள் எங்கே தேடுவாள்?

ஏழரை. போர்த் து லா சப்பலைத் தாண்டிப் பெரிபெரிக்கில் ஏறினோம். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலான கம்பத்தில் மூன்று வட்ட மானிகள். சேகர் மூன்றாவதைக் காட்டினார்.

"மச்சான், ரோட்டில ஐஸ் இருக்கு, நான் ரோட்டைத்தான் பாக்கோணும். உமக்கு ஒரு வேலை. உந்த மூண்டாவது முள்ளை அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் வாசியும்."

"அது என்ன?"

"ஒயிலின்ர சூடு. தண்ணி கெதியாச் சூடாகிடும், ஒயில் பிந்தித்தான் சூடாகும். எண்பதுக்கு வராமல் நான் காலை அமத்தமாட்டன். அமத்தினால் டேர்போ போயிடும். தொண்ணூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையில நிண்டால் சந்தோசம். நூற்றிருபதுக்கு மேல போனால் சொல்லும்."

"கத்தட்டோ?"

"சொல்லும் எண்டுதான் சொன்னனான்."

நான் தொண்டையைச் செருமினேன். வானொலிச் செய்தியாளர் குரலில், "வணக்கம் நேயர்களே, வெப்பநிலை அறிக்கை. எண்ணெய், இருபத்தொரு பாகை" என்றேன். சேகர் சிரிக்கவில்லை. காரில் ஏறினால் அவருக்குச் சிரிப்பு வராது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த முள் பிடித்துப்போனது. நாற்பத்தேழு வயது மனிதர் ஒருவர், பின்னால் பஸ் வெளிச்சம் அடிக்க அடிக்க, முட்டைக்கூடையைச் சுமப்பவர் போல மெதுவாக ஓட்டுகிறார். முப்பது. முப்பத்தெட்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேன்போலத் தடித்திருந்த எண்ணெய், இளகி இளகித் தண்ணீராகிக்கொண்டிருக்கிறது. நான் இருபத்தெட்டு வருடமாகக் காரில் ஏறி இறங்குகிறேன். காலடியில் இப்படி ஒன்று நடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை.

எட்டேகால், ஃப்ளூரி-ஆன்-பியேர் பெயாஜ், அதாவது சுங்கச்சாவடி. சீட்டு எடுத்தோம். ஒத்தோறூட் என்ற விரைவுச்சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. முள் அறுபத்தாறு வரைக்கும் ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. அறுபத்துநான்கு. அறுபத்திரண்டு.

"சேகர், இறங்குது!"

"தெரியும். வெளியில மைனஸ் அஞ்சு. ஒயில் கூலரில காத்து அடிக்குது. கோடைக்குப் பூட்டினது, இப்ப கூடக் குளிராக்குது."

"இறங்கினால் நல்லதுதானே? சூடேறினால்தானே கெடுதி?"

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். இந்தக் கேள்வியைத் திரான்சியில் பலர் அவரிடம் கேட்டிருப்பார்கள் போல. "மச்சான், ஒயில் குளிர்ந்து கிடந்தால் அதுக்குள்ள சேருற ஈரம் ஆவியாப் போகாது. மூடியைக் கழட்டினால் மயோனைஸ் மாதிரி வெள்ளையாய் இருக்கும். எஞ்சினும் தேயும். சூடும் வேணும், கூடவும் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அதாவது பயப்படுவதற்கு ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கம் உண்டு. எனக்கு இது புதிய வருமானம்.

ஒன்பது நாற்பது, ஓசேருக்கு அருகே வெனுவா ஓய்விடம். நூற்றெழுபது கிலோமீட்டர் வந்திருந்தோம். இயந்திரக் கோப்பி இரண்டு யூரோ பத்து. அதன் சுவையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சேகர் பின் கதவைத் திறந்து வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார். முறுக்கையும் மிக்சரையும் பையில் கொட்டினார். கத்தியை எடுத்தார். பெட்டியின் ஒரு பக்க மட்டையை அளந்து வெட்டி, பம்பரின் வாய்க்குள் விட்டு, ஒயில் கூலரின் பாதியை மூடிக் கட்டினார். மற்றப் பக்க மட்டையை எறியவில்லை, பின்னால் போட்டார்.

"அவ்வளவுதானோ? இரண்டு வருசம் எஞ்சின் செய்த மனிசன், கடைசியில மட்டைப் பெட்டியோ?"

"நீர் ஏறி வாசியும்."

ஏறி வாசித்தேன். எழுபது. எழுபத்தைந்து. எண்பத்திரண்டு. எண்பத்தேழு. அங்கே நின்றது. வாசிக்கும் குரலை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். இந்த மட்டையை நான் தினமும் மிதித்துத் தட்டையாக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறவன். அது இப்போது ஒரு எஞ்சினின் காய்ச்சலைப் பிடித்து வைத்திருந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். எங்கள் கடைக்கு விமானத்தில் வெற்றிலை வரும். குளிர்காலத்தில் வாசல் கதவு திறந்து திறந்து மூடும், வெற்றிலை கறுத்துப்போகும். அதனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் நான் வெற்றிலைப் பெட்டிகளை மட்டையால் முழுக்க மூடி, மேலே சாக்குப் போட்டு, காற்றுப் புகாமல் அமத்தி வைப்பேன். பதினொரு குளிர்காலமாக இதுதான் என் பொறுப்பு. குளிருகிற பொருளைப் பார்த்தால் என் கை தானாகப் போய் மூடும்.

பன்னிரண்டு மணி, டோல் நகரம். ஒத்தோறூட்டை விட்டு இறங்கினோம். பெயாஜ் கட்டணம் முப்பது யூரோவைத் தொட்டது. வெளியே மைனஸ் ஒன்பது. பெற்றோல் நிலையத்தில் சேகர் கழிப்பறைக்குப் போனார். முள் எழுபத்துநான்கில் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பாதி மூடினால் இவ்வளவு நன்மை என்றால், முழுக்க மூடினால்? அவர் கைகழுவி வருவதற்குள் பின்னால் கிடந்த மற்ற மட்டையை எடுத்து, பம்பரின் வாய் முழுவதையும் அடைத்து, விளிம்பு விளிம்பாக அமத்திவிட்டு வந்து இருக்கையில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வியப்பார், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

பொலீனி வரை சமதரை. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு. "இப்ப வடிவா நிக்குது" என்றார் சேகர். நான் ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு நானே புன்னகைத்தேன்.

பொலீனியைத் தாண்டியதும் பாதை மலையில் ஏறுகிறது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. கீழே கூரைகளெல்லாம் வெள்ளை. மரங்களின் ஒவ்வொரு சுள்ளியிலும் பனி ஊசி ஊசியாக ஒட்டியிருந்தது. வெயில் பட்டதும் மலைப்பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் மின்னியது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. அந்தக் கும்பிடலில் முள்ளை மறந்துபோனேன்.

"மச்சான், வாசிக்கேல்லையே?"

"வணக்கம் நேயர்களே, எண்ணெய் நூற்று..." குரல் உடைந்தது. "சேகர், நூற்றுப்பதினாறு. நூற்றுப்பத்தொன்பது. ஐயோ, நிப்பாட்டும்! நூற்றிருபத்துநான்கு! எரியப்போகுது!"

அவர் அகன்ற ஓர் ஓரம் பார்த்து நிறுத்தினார். நேரம் ஒன்று ஐந்து. நான் எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் என் கையில் ஓங்கித் தட்டினார்.

"அணைக்காதையும்! டேர்போ கொதிச்சுக்கொண்டு நிக்குது, ஒயில் ஓடோணும். பதகளிக்காமல் இறங்கும்."

பதகளிக்காமல் இறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. பாய்ந்து இறங்கி, இரண்டு கையாலும் வழிகிற அளவு பனியை அள்ளிக்கொண்டு, சேகர் அதற்குள் திறந்துவிட்ட எஞ்சின் பொனற்றை நோக்கி ஓடினேன்.

"விசரே உமக்கு! கொதிக்கிற இரும்பில பனியைக் கொட்டினால் வெடிக்கும்!"

பனியைக் கீழே போட்டேன். என் காலில்தான் விழுந்தது. சேகர் கைவிளக்கோடு எஞ்சினுக்குள் தலையை விட்டார். ஒழுக்கு இருக்கிறதா, குழாய் கழன்றதா என்று தேடுகிறார். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அப்படிக் குனிந்ததை நான் கண்டதில்லை. உதவி செய்வோம் என்று நான் பம்பருக்கு முன்னால் குந்தினேன். என் முகத்துக்கு நேரே, மட்டையில் அச்சடித்த பச்சை வெற்றிலை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் விளங்கியது.

நல்ல மனிதன் ஒருவன் அந்த இடத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருப்பான். நான் மட்டையை உருவி, இரண்டாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் நுழைத்து, சிப்பைக் கழுத்துவரை இழுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் முள் நூற்றைந்துக்கு வந்தது, பிறகு தொண்ணூற்றெட்டு. சேகர் அதைப் பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஒண்டும் செய்யாமல் இறங்கினது. இதுதான் பயம் மச்சான். காரணம் தெரியாமல் ஏறின சூடு திரும்ப ஏறும். உள்ளுக்க எங்கையோ பேரிங் போகுது."

"அப்பிடியும் இருக்காது..."

"வசந்தி சொன்னது சரி. இதோடை காணும். பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்திட்டு வித்துவிடுவம்."

அவர் மணிக்கு ஐம்பதில் ஓட்டினார். ஷம்பனோல், பிறகு ஃபோன்சீன். பாதையோரப் பனிச்சுவர் காரின் உயரத்துக்கு எழுந்தது. வானம் நீலமென்றால் அப்படியொரு நீலம். நான் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் மட்டை நொறுநொறுத்தது. சொல்லு, சொல்லு என்றது அது. முள் எண்பத்தொன்பதில் அசையாமல் நின்றது.

இரண்டு இருபது. மூத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், பாற்கட்டிப் பட்டறை. மைனஸ் பதினாறு. மூக்குக்குள் முடி உறைவதை இங்கேதான் அறிந்தேன். மதுரா வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்துடன் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னை.

"மாமா, உள்ள என்ன சத்தம்?"

"முதுகுப் பட்டி, பிள்ளை. டொக்டர் தந்தவர்."

"முதுகுப் பட்டி முன்னுக்கோ?"

அவள் எங்களை உள்ளே கூட்டிச் சென்றாள். அன்றைய கடைசிக் கொப்பரை ஓடிக்கொண்டிருந்தது. செம்புக் கொப்பரை, கிணறு போல அகலம். வெண்ணிற ஆவி கூரைவரை எழும்பியது. பாலைத் திரைய வைத்து, வெட்டி, கிண்டிக் கிண்டி ஐம்பத்துநான்கு பாகைவரை சூடாக்குகிறார்கள். மதுரா மானியைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பட்டறைக்காரர், மீசையில் ஈரத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு அவளை நம்பி நின்றார்.

"ஐம்பத்துநாலு வந்தவுடன நிப்பாட்டோணும் மாமா. குறைஞ்சால் தண்ணி போகாது, கூடினால் சீஸ் செத்துப்போகும்."

சேகர் தன் ஜாக்கெட்டைக் கழற்றினார். அங்கே எல்லோரும் மெல்லிய வெள்ளைச் சட்டையில்தான் நின்றார்கள். நான் மட்டும் கழுத்துவரை சிப்பை இழுத்து, நெஞ்சில் மட்டையோடு, அந்த ஆவிக்குள். நெற்றியிலிருந்து சொட்டியது. முதுகில் ஓடை. காற்று எந்த வழியாகவும் வரவில்லை. வாய் முழுக்க அடைக்கப்பட்ட ஒயில் கூலரின் பக்க நியாயம் என்னவென்று இப்போது உடம்பால் அறிந்தேன்.

சேகர் மகளிடம் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, இதுதான் இந்தக் காரில கடைசிப் பயணம். அப்பா விக்கப்போறன்."

அவள் திரும்பவில்லை, கண் மானியில். ஆனால் உதட்டைக் கடித்தாள். அந்த எஞ்சினின் வால்வுகளில் பாதியை லீசே என்ற உயர்பள்ளியில் படிக்கும்போது அவள்தான் உரசித் துப்புரவாக்கியவள் என்று எனக்குத் தெரியும்.

"ஐம்பத்துநாலு!" என்று கத்தினாள். பட்டறைக்காரர் கொப்பரையைச் சூடாக்கும் நீராவியை நிறுத்தினார்.

நான் சிப்பை இறக்கினேன். ஈரத்தில் ஊறிய மட்டை வழுக்கி, மடிப்பு விரிந்து, பச்சை வெற்றிலை மேலே தெரிய, சேகரின் காலடியில் விழுந்தது.

"பேரிங் இல்லை, சேகர். நான். டோலில வைச்சு அடைச்சனான்."

அவர் மட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முழுக்கவோ?"

"முழுக்க. வெத்திலைக்கு மூடுற மாதிரி."

"வெத்திலைக்கு மூடுற மாதிரி," என்று திருப்பிச் சொன்னார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கொப்பரையின் ஓரத்தில் கையை ஊன்றி, தோள் குலுங்கத் தொடங்கினார். அழுகிறார் என்று மதுரா பயந்துபோனாள். சிரிக்கிறார். காருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டதால் சிரிப்பு வந்தது. பட்டறைக்காரருக்கு மதுரா பிரெஞ்சில் எல்லாவற்றையும் விளக்கினாள். வெற்றிலை என்பதற்கு அவள் என்ன சொன்னாளோ தெரியாது. அந்த மனிதர் மட்டையை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, மிக மரியாதையாக என்னிடம் திருப்பித் தந்தார்.

அன்றிரவு காரைக் கொப்பரை அறையின் சூடான சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார் அவர். ஞாயிறு காலை எட்டு மணி, மைனஸ் இருபத்தொன்று. நான் ஒரு கிண்ணம் வெந்நீரை ஆகாயத்தில் வீசினேன். அது தூளாகிப் போனது. அப்படிப்பட்ட காற்றில், சேகர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகியது, இருமுறை முனகியது, பிறகு பிடித்தது. சமவெளி முழுவதும் வேறு சத்தமே இல்லை. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முள் கீழே முட்டிக் கிடந்தது. சூடு இன்னும் பிறக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து மதுரா எட்டிப் பார்த்து, "மாமா வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறன்" என்றாள். என் பதவி போனது. கூலரின் முன்னால் பாதி மட்டை. பாதி மட்டும். பாரிஸ்வரை தொண்ணூற்றிரண்டு.

பின்னேரம் இரண்டே முக்கால், லாச்சப்பல். ரூ பெர்தொனேயில் சாப்பாட்டுக் கடை வாசலில் வசந்தி காத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தடவி, மெலிந்துபோனாய் என்று சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, வழியில நிண்டதோ?"

சேகர் காரின் கூரையைத் தடவியபடி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நிண்டது. பொலீனி ஏத்தத்தில. இருபது நிமிசம்."

அவள் வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தி, டோல் முதல் கொப்பரை வரை எல்லாவற்றையும் சொன்னேன். பனியை அள்ளியதையும் விடவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேர் பக்கத்தில் வந்து கேட்டார்கள். முடிந்ததும் வசந்தி காருக்கு முன்னால் போய்ப் பம்பருக்குள் குனிந்து பார்த்தாள்.

"அப்ப பழுது காரில இல்லை."

"ஓம், இல்லை."

"சரி. கார் நிக்கட்டும்." கணவரைப் பார்த்தாள். "அண்ணையை விக்கேலுமோ எண்டு விசாரியுங்கோ."

திங்கள் காலை கடை திறந்தேன். மைனஸ் இரண்டு, குட்டி சைபீரியாவிலிருந்து வந்தவனுக்கு அது வசந்தகாலம். வெற்றிலைப் பெட்டிகள் என் சாக்குக்கும் மட்டைக்கும் கீழே, நான் வெள்ளிக்கிழமை அமத்தியபடியே இருந்தன. வழக்கம்போல நடுக்கட்டுகள் கறுத்திருந்தன. வழக்கம்போலக் குளிரைத் திட்ட வாயெடுத்தேன். ஏதோ நினைத்துக் கையை உள்ளே விட்டேன். குளிரவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக, இலைக்கு இலை வியர்த்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் காற்றுப் பட்ட கட்டுகள் பச்சையாக இருந்தன.

பதினொரு குளிர்காலம்.

மட்டையை எடுத்து, கத்தியால் சரிபாதியாக வெட்டினேன். முதலாளி கணக்கு மேசையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"வெப்பநிலை அறிக்கை, அண்ணை," என்றேன்.